இடுப்பு காலி

மார்னாவுக்கும் வெர்லினுக்கும் கல்யாணமாகி ஐம்பத்தொரு வருஷம். அதில் கடைசி ஒன்பது வருஷமாக, வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் அவர்களுக்குள் ஒரு சின்னக் கேள்வியும் பதிலும் உண்டு. கதவுப் பிடியில் கைவைத்தபடி மார்னா கேட்பாள், "இடுப்பு?" வெர்லின் தன் வலது இடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார், "காலி." பிறகுதான் இரண்டு பேர் காலும் தரையில் படும்.

அந்த இடுப்பில் இருந்தது ஐந்து தோட்டா பிடிக்கிற சின்னக் கைத்துப்பாக்கி. சட்டைக்கு உள்ளே, தோலுறையில், இருக்கிறதே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். மார்னாதான் அதை வாங்கிக் கொடுத்தாள். அப்போது வெர்லினுக்கு அரசாங்க உத்தியோகம். ஐடஹோவின் புதர்க்காட்டில் பண்ணை பண்ணையாகப் போய், மாட்டின் தொடையில் போட்டிருக்கிற சூட்டுக்குறியையும் விற்கிறவன் நீட்டுகிற காகிதத்தையும் ஒத்துப் பார்க்கிற வேலை. திருட்டு மாடு ஓட்டுகிறவன் பூங்கொத்தோடு வந்து நிற்கப் போவதில்லை. பாம்பும் உண்டு. பத்தாவது கல்யாண நாளுக்கு மார்னா அந்தப் பெட்டியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "சாயந்தரம் நீ திரும்பி வரணும், அவ்வளவுதான்" என்றாள். வெர்லின் திரும்பி வந்தார், முப்பது வருஷமும் வந்தார். ஒருநாள்கூட அதைச் சுட வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் அது இல்லாமல் வெளியே கிளம்பினால், செருப்பு போடாமல் கிளம்பியது போல இருக்கும் அவருக்கு.

ஓய்வு பெற்றதும் வீட்டுவண்டி ஒன்று வாங்கினார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை. மார்னா நினைத்தது போல ஊர் சுற்றுவது அத்தனை எளிதாக இல்லை. அந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் துப்பாக்கிக்கு ஒவ்வொரு சட்டம். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் இடுப்பில் இருக்கலாம், அந்தப் பக்கம் இருந்தால் குற்றம். வெர்லின் அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி வாங்கிய தன் ஐடஹோ அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று நீல மையில் எழுதி, வருஷா வருஷம் திருத்துவார். நெவாடாவில் செல்லும். கலிபோர்னியாவில் செல்லாது. கலிபோர்னியா எல்லைக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, தோட்டாக்களைக் கழற்றிப் பழைய பேக்கிங் பவுடர் டப்பாவில் போடுவார். துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். பெட்டி படுக்கைக்கு அடியில், டப்பா பின்பக்க அலமாரியில். "சர்க்கஸ்காரன் கூடாரத்தைப் பிரிக்கிற மாதிரி இருக்கு" என்பாள் மார்னா. ஆனாலும் அவர் முடிக்கும்வரை பொறுமையாக டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

தேசியப் பூங்காக்களில் இன்னொரு சிக்கல். பூங்காவுக்குள் வைத்திருக்கலாம், அந்த மாநிலச் சட்டம் விட்டால். ஆனால் பூங்காவின் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது, ஏனென்றால் கட்டடம் மத்திய அரசாங்கத்துடையது. வாசல் கதவிலேயே துப்பாக்கிப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். மீறினால் கோர்ட்டு, அபராதம், ஒருவேளை சிறையும்கூட. மார்னாவின் கேள்வி பிறந்தது அதனால்தான்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் யூட்டாவில் அந்தக் கழிப்பறை வரும்வரை.

நெடுஞ்சாலை ஓரத்துக் கழிப்பறை. வெர்லின் உட்காரும்போது துப்பாக்கியை உறையோடு கழற்றிக் கொக்கியில் மாட்டினார். எழுந்தார், கை கழுவினார், வண்டி ஏறினார். இருபது மைல் தாண்டித்தான் இடுப்பு லேசாக இருப்பது உறைத்தது. அந்த இருபது மைலையும் திரும்பி ஓட்டினார். கழிப்பறை வாசலில் தாடிக்கார லாரி ஓட்டுநர் ஒருவர், கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையும் உள்ளே விடாமல் நின்றிருந்தார். மூன்று பேர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்லினின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்களுதா பெரியவரே? போய் எடுத்துக்கங்க. சின்னப் பசங்க யாரும் வரல" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

அன்று மார்னா ஒரு வார்த்தை சொன்னாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால், அது ஊரில் மகன் கர்ட்டிஸ் வீட்டுப் பெட்டகத்துக்குப் போய்விடும், பிறகு பயணத்துக்கு வராது. வெர்லினும் ஒரு வார்த்தை சொன்னார். அது வராத பயணத்துக்குத் தானும் வரப்போவதில்லை.

இரண்டு பேரும் சொன்ன சொல்லைச் சுலபத்தில் திருப்பி வாங்குகிறவர்கள் இல்லை. அதனால் அதற்குப் பிறகு மார்னாவின் "இடுப்பு?" முன்னைவிடக் கவலையோடு வந்தது. அவரிடமிருந்து ஒரு பொருள் போவதைப் பற்றி அவளுக்குப் பெரிதாகக் கவலை இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் வெர்லின் சுருங்கிவிடுவார், பயணம் நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்றுதான் பயந்தாள். வண்டி ஓட்டும்போதுதான் அவர் பாடுவார். ஊரில் பாடியதே இல்லை.

இந்த ஜூன் மாதம் கலிபோர்னியாவில் இருக்கிற மகள் டிரினா வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் நெவாடாவின் ஒரு மலைப் பூங்காவில் நாலாயிரம் வருஷத்துப் பைன் மரங்கள் இருந்தன. அதைப் பார்க்க வேண்டும் என்பது மார்னாவின் பல நாள் ஆசை. பூங்காவுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது சண்டை வந்தது.

சாலையில் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. வெர்லின் பிரேக்கை மிதித்தார். மான் பிழைத்தது, மார்னாவின் மாவு பிழைக்கவில்லை. பதினோரு வருஷமாகத் தினமும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் ஊட்டி உயிரோடு வைத்திருந்த புளித்த மாவு அது. ரொட்டிக்கு அதுதான் ஆதாரம். அலமாரிக் கதவு திறந்து, ஜாடி விழுந்து உடைந்து, தரையெல்லாம் கொழகொழவென்று பரவியது. உள்ளே கண்ணாடித் துண்டுகள் மின்னின.

"அலமாரிக் கொண்டிய இறுக்கிப் போடுன்னு காலையில சொன்னேனா இல்லையா" என்றாள் மார்னா.

"மாவுதானே மார்னா" என்றார் வெர்லின்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லி முடித்ததுமே அவருக்கும் அது தெரிந்துவிட்டது. மார்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்காவின் பார்வையாளர் கூடத்துக்கு எதிரே வண்டி நின்றபோது, "நான் மட்டும் போறேன். நீ இங்கயே இரு" என்று சொல்லி இறங்கினாள். கேள்வி கேட்கவில்லை. அவர் இறங்கப் போவதில்லை என்னும்போது இடுப்பைப் பற்றி என்ன கேட்பது? கதவு பலமாகவே மூடியது.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று, வௌவால் படங்கள், மலையின் மாதிரி ஒன்று. மேசைக்குப் பின்னால் தட்டைத் தொப்பி போட்ட இளம்பெண், பூங்காவின் ரேஞ்சர், ஒரு குடும்பத்துக்குக் குகைக்குப் போகிற நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்னா எல்லாவற்றையும் நிதானமாக ஒரு சுற்று பார்த்துவிட்டு, முத்திரை வைத்திருக்கிற மூலைக்குப் போனாள். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அந்த ஊரும் தேதியும் உள்ள முத்திரையைத் தன் நீலப் புத்தகத்தில் குத்திக்கொள்வது அவள் வழக்கம். அறுபது பூங்காவாகிவிட்டது, இது அறுபத்தொன்று. கைப்பையைத் துழாவினாள். புத்தகம் இல்லை. கோபத்தில் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பிப் போய் அந்த மனுஷன் முகத்தைப் பார்ப்பதா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவு திறந்தது. வெர்லின். ஆறடி உயரமும் மூச்சிரைப்புமாக, வலது கையில் நீலப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே அவளைப் பார்த்துச் சிரித்தார். சமாதானக் கொடி பிடித்து வருகிறவரைப் போல.

தூக்கிய கையோடு சட்டையும் மேலே ஏறியிருந்தது. இடுப்பில் துப்பாக்கியின் பிடி, பழுப்பு மரத்தில், பளிச்சென்று தெரிந்தது.

மார்னா அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். அந்தச் சிவப்புக் கோட்டுப் படத்தைத் தாண்டித்தான் அவர் வந்திருக்கிறார். அவள் புத்தகத்துக்காக வந்திருக்கிறார். அவருக்கு அது ஞாபகமே இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சத்தமாகச் சொன்னால் கூடம் முழுக்கத் திரும்பும். மெதுவாகச் சொன்னால் அவர் கை தானாக இடுப்புக்குப் போகும், அது இன்னும் மோசம்.

அவள் அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றாள். வலது கையை அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி, சட்டையைக் கீழே இழுத்து, உள்ளங்கையை அந்தப் பிடியின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். குள்ளமானவள், கை மட்டுமட்டாகத்தான் எட்டியது. ஊர்ப் பொதுக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் அவர்கள் ஆடுகிற ஆட்டத்தில், ஜோடிகள் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வட்டமாக நடப்பார்கள்.

"ஆடு" என்றாள்.

வெர்லின் குனிந்து அவளைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. "இங்கயா?"

"இங்கதான். வாசல் வரைக்கும்."

இரண்டு அடி வைத்தார்கள், மெதுவாக ஒன்று, இன்னொன்று. பக்கத்தில் நின்ற குழந்தை ஒன்று கைகொட்டிற்று. ரேஞ்சர் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டாள். வெர்லின் நெஞ்சை நிமிர்த்தி ஐம்பத்தொன்று என்றார். அப்படியென்றால் போவதற்கு முன் நீங்கள் அவசியம் ஒரு குண்டூசி குத்திவிட்டுப் போக வேண்டும் என்றாள் அந்தப் பெண். சுவரில் பெரிய நாட்டுப்படம், வந்தவர்கள் எல்லாரும் தங்கள் ஊரில் ஊசி குத்தியிருந்தார்கள். ஐடஹோ சுவரின் உச்சியில் இருந்தது. கையை நன்றாகத் தூக்கினால்தான் எட்டும்.

வெர்லின் வலது கையைத் தூக்கப் போனார்.

"இடது கையால குத்து" என்றாள் மார்னா. "வலது பக்கம் இப்ப என்னுது."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெர்லின் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, கையில் இருந்த நீலப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, இடது கையால் ஊசியைக் குத்தினார். பக்கத்து மாநிலத்தில் போய்க் குத்தினார். மார்னா திருத்தச் சொல்லவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பிடி வியர்வையில் வழுக்கியது. ரேஞ்சர் பெண் தானே ஓடிவந்து அவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தாள். சிவப்புக் கோட்டுப் படம் மார்னாவின் மூக்குக்கு எதிரே வந்தது, பின்னால் போனது.

வண்டிக்கு அறுபது காலடி இருக்கும். அத்தனை காலடியும் வெர்லின் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டே வந்தார். வெளியே வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "அம்பத்தோரு வருஷத்துல நாலு பேர் பாக்கற இடத்துல நீ என் இடுப்பப் புடிச்சதே இல்ல" என்றார்.

மார்னா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை. அவருக்கே தெரியாது. சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும், கூடவே பயணமும் போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு கட்டடம், இன்னொரு கொக்கி. எப்போதும் லாரிக்காரர் காவல் நிற்பாரா?

அவள் அந்தக் கணக்கை முடிப்பதற்குள் வெர்லின் இருக்கையில் நன்றாகச் சாய்ந்தார். சாய்ந்தவருக்கு இடுப்பில் குத்தியது.

அவர் முகம் மாறுவதை மார்னா பார்த்துக்கொண்டிருந்தாள். கை மெல்ல இடுப்புக்குப் போயிற்று, தட்டிப் பார்த்தது. பிறகு கண்ணாடி வழியாகக் கட்டடத்தையும், கதவையும், கதவில் இருந்த படத்தையும் வெகுநேரம் பார்த்தார்.

"அதுக்காகத்தான் ஆடுனியா?" என்றார் கடைசியில்.

"அதுக்காகவும்தான்" என்றாள் மார்னா.

அவர் எழுந்தார். முப்பது வருஷம் அடுத்தவன் காகிதத்தில் ஒரு புள்ளி தவறியதற்கு மாட்டைத் திருப்பி அனுப்பியவர். இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று வாய்க்குள் முனகிக்கொண்டே கதவுப் பக்கம் போனார். அதே நேரம் கதவை யாரோ தட்டினார்கள்.

ரேஞ்சர் பெண் நின்றிருந்தாள். கையில் நீலப் புத்தகம்.

"மேசையிலயே விட்டுட்டீங்க பாட்டி. முத்திரைய நானே குத்திட்டேன்" என்று நீட்டினாள்.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு—" என்று வெர்லின் ஆரம்பித்தார். மார்னாவின் குதிகால் அவர் பெருவிரல் மேல் இறங்கியது. அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. மார்னா நன்றி சொன்னாள், குகை வௌவால்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தாள். அந்தப் பெண் கையசைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"மிதிச்சிட்ட" என்றார் வெர்லின்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ என்ன மிதிச்சதுக்கு இது பத்தாது. அந்தப் பொண்ணுக்கு வேல பாக்கற நேரம். நீ மனசாட்சியக் கழுவிக்கறதுக்கு அவள எழுத்து வேலையில இழுத்து விடாத."

வெர்லின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். துப்பாக்கியை எடுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேக்கிங் பவுடர் டப்பாவில் போட்டார். கலிபோர்னியா எல்லை இன்னும் ஒருநாள் தூரத்தில் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் எல்லையில் செய்கிற அதே வரிசையில் செய்தார். மார்னா பழக்க தோஷத்தில் டார்ச்சை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகல்.

"தப்புல பாதி என்னுது" என்றாள். "நான் கேக்கல. சண்ட போட்டுக்கிட்டு இறங்கிட்டேன். புத்தகத்த விட்டுட்டுப் போனதும் நான்தான். பாதித் தப்புக்கு முழுத் தண்டன கெடையாது."

"நான் வர்றதா இல்லையே, நீ எதக் கேப்ப?" பெட்டியைப் பூட்டினார். "புத்தகத்தப் பாத்தேன். ஐயோ, இவளுக்கு அறுபத்தொண்ணாவது போயிடுமேன்னு ஓடுனேன். வேற ஒண்ணும் தலையில இல்ல. முன்னெல்லாம் ரெண்டும் இருக்கும் மார்னா. இப்ப ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ணு வெளிய போயிடுது."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், ஆனால் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்னா படுக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தக் கையில்தான் அந்தப் பரிசைக் கொடுத்தோம், இதே கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டிய தேவையை அவர் வைக்கவில்லை. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"திரும்பிப் போனதும் கர்ட்டிஸ் வீட்டுக்கு. சொன்னது சொன்னதுதான்."

"நீயும் ஒண்ணு சொன்ன" என்றாள் மார்னா.

வெர்லின் தலையைச் சொறிந்தார். "அது கோவத்துல சொன்னது. நீ சொன்னது நியாயத்துல சொன்னது. ரெண்டையும் ஒரே கொக்கியில மாட்டாத." பிறகு சொன்னார், "அது இல்லாம நான் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பேன். நீ வலது பக்கமா வா, போதும்."

மார்னா சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, முகத்தை அலம்ப அடுப்புப் பக்கம் போனாள். தரை துடைத்திருந்தது. கண்ணாடித் துண்டுகள் காகிதத்தில் பொதிந்து ஓரமாக இருந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் வெர்லினின் காப்பிக் கோப்பை, மேலே ஒரு தட்டு மூடி. திறந்தாள். அடியில் விரல் கனத்துக்குக் குழைத்த மாவு.

"கண்ணாடி இருக்கும் அதுல, கெழவா" என்றாள்.

"ஜாடி மூடியோட உள்பக்கம் ஒட்டியிருந்ததச் சுரண்டுனேன். அதுல கண்ணாடி படல. ரெண்டு தடவ பாத்தேன்." ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அதச் செஞ்சிட்டுத் திரும்பறேன், புத்தகம் கெடக்குது."

அவள் தட்டால் மூடினாள். கோப்பையைத் தொட்டிக்கு நடுவில் துணி வைத்து நிறுத்தினாள். அலமாரிக் கொண்டியை ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

மலைச் சாலையில் மேலே ஏறும்போது வெர்லின் பாடவில்லை. பாதி வழியில் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். மார்னா கேட்காதது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது வளைவுக்கு அப்புறம், மெதுவாக, வார்த்தை இல்லாமல், மூக்கால் ஒரு மெட்டு ஆரம்பித்தது.

பைன் மரங்களுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை முன்னால் வண்டி நின்றது. காற்று சில்லென்று இருந்தது, தூரத்தில் இன்னும் பனி. மார்னா சட்டைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தாள். சாவி அவள் நெஞ்சில் தொங்கியது. கேட்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் கேட்டது.

"இடுப்பு?"

வெர்லின் வலது பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் கொஞ்சம் விலக்கி, இடம் விட்டு நின்றார்.

"காலி" என்றார். "வந்து புடிச்சுக்க."